காட்சியை மறைக்காத வேலி: ஹாஹா சுவர் கட்டுவது எப்படி?

இங்கிலாந்தில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக வீடு வாங்கியவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் புல்தரை. அதைத் தாண்டினால் அடுத்தவர் மேய்ச்சல் நிலம், அதில் ஆடுகள், அப்பால் நாலைந்து ஓக் மரங்கள், ஒரு குன்று. அந்தக் காட்சிக்காகத்தான் வீட்டையே வாங்கியிருப்போம். ஆனால் ஆடு உள்ளே வந்து ரோஜாச் செடியை மொட்டையடிக்காமல் இருக்க வேலி வேண்டும். வேலி போட்டால் காட்சி போய்விடும். ஆளுயரப் பலகை அடித்துவிட்டு, மாடி ஜன்னலில் ஏறி நின்று குன்றைப் பார்க்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். எனக்கு அது மனத்தாங்கலாகவே இருக்கும்.

இதற்கு இந்த நாட்டில் முந்நூறு ஆண்டுகளாக ஒரு வழி இருக்கிறது. சுவரை மேலே எழுப்பாமல் தரைக்குக் கீழே இறக்கிவிடுவது. அதற்குப் பெயர் ஹாஹா.

அதன் வடிவத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் கடைசியில் ஒரு செங்குத்துச் சுவர். ஆனால் அதன் உச்சி புல்தரை மட்டத்தோடு நின்றுவிடும். சுவரின் அடியில் பள்ளம். பள்ளத்தின் மறுகரை செங்குத்தாக இருக்காது; மெல்லச் சரிந்து ஏறி மேய்ச்சல் நிலத்தோடு கலந்துவிடும். அந்தச் சரிவிலும் புல்தான். வீட்டிலிருந்து பார்க்கிறவருக்குத் தோட்டத்துப் புல்லும் நிலத்துப் புல்லும் ஒரே விரிப்பாகத் தெரியும். மேய்ந்துகொண்டே சரிவில் இறங்கி வருகிற ஆட்டுக்கு மட்டும் எதிரே சுவர் நிற்கும்.

1709ல் பிரான்சில் வெளிவந்த தோட்டக்கலை நூலொன்று இந்த அமைப்பை விவரித்தது. 1712ல் ஜான் ஜேம்ஸ் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அருகே வந்ததும் கண் திகைத்து வாய் “ஆ ஆ” என்று சொல்லிவிடுவதால் இந்தப் பெயர் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்கும் முன்பே, 1690களில், கம்பிரியாவின் லெவன்ஸ் ஹால் தோட்டத்தில் கியோம் போமோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒன்றை அமைத்துவிட்டார். பிறகு ஸ்டோ தோட்டத்தில் சார்லஸ் பிரிட்ஜ்மேன் என்ற தோட்ட வடிவமைப்பாளர் பெரிய அளவில் செய்தார். மதில்களை இடித்துவிட்டு அகழி வெட்டியதுதான் ஆங்கிலத் தோட்டக்கலையைத் திருப்பிப் போட்ட வேலை என்று எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் பின்னாளில் எழுதினார். நேரில் பார்க்க ஆசையிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ரௌஷம் தோட்டத்துக்குப் போங்கள். நீண்ட கொம்பு மாடுகள் புல்தரையிலேயே மேய்வதுபோல் தோன்றும். நடுவில் பள்ளம் இருப்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. கட்டுவதற்கு முன் இப்படி ஒன்றையாவது நேரில் பார்த்துவிடுங்கள். பத்துப் படங்களைப் பார்ப்பதைவிட ஒரு தடவை விளிம்பில் நின்று பார்ப்பது மேல்.

நம் ஊர் ஆட்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. வண்டலூர் உயிரியல் பூங்காவில் புலிக்கும் நமக்கும் நடுவே கம்பி இல்லாமல் அகழி மட்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தோட்டத்துக்குள் யானை வராமலிருக்க வெட்டுகிற அகழியும் இதே இனம்தான். ஹாஹாவில் கூடுதலாக இருப்பது ஒன்று: அகழி இருப்பதே தெரியக்கூடாது. மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

கடப்பாரைக்கு முன் நாற்காலி

முதல் வேலை தோண்டுவதல்ல, உட்காருவது. நீங்கள் அந்தக் காட்சியை எங்கிருந்து பார்க்கப்போகிறீர்கள்? சமையலறை மேசையா, பின்கட்டுத் திண்ணையா, மரத்தடிப் பெஞ்சா? ஓர் இடத்தை, அதிகம் போனால் இரண்டு இடங்களை முடிவு செய்யுங்கள். எல்லா இடத்திலிருந்தும் மறைகிற சுவர் கிடையாது.

அந்த நாற்காலியில் ஒருவர் உட்காரட்டும். இன்னொருவர் நீண்ட கயிறும் பத்துப் பன்னிரண்டு மூங்கில் குச்சிகளும் எடுத்துக்கொண்டு தோட்டக்கோடிக்குப் போகட்டும். சுவர் வரவேண்டிய கோட்டில் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். கயிறு தரையோடு கிடக்க வேண்டும். இப்போது நாற்காலியிலிருந்து பார்த்தால், கயிற்றுக்கு அப்பால் உள்ள தரையில் எந்தப் பகுதி கண்ணில் படுகிறது, எது படவில்லை என்று புரியும். தரை அந்த இடத்தில் இயற்கையாகவே வெளிப்பக்கம் சரிந்தால் உங்களுக்கு யோகம். பாதி மறைப்பை மண்ணே செய்துவிடும். தரை வெளிப்பக்கம் ஏறினால் வேலை கடினம், ஏனென்றால் எதிர்ச்சரிவு கண்ணுக்கு நேராக நிமிர்ந்து நிற்கும்.

கோடு பார்வைக்குக் குறுக்காக ஓட வேண்டும். பார்வை போகிற திசையிலேயே ஓடினால் பள்ளத்தின் வாய் முழுவதும் உள்ளே தெரிந்துவிடும். மெல்லிய வளைவு நல்லது. வளைவின் நடுப்பகுதி வீட்டை நோக்கி உள்வாங்கியிருந்தால், பக்கவாட்டில் நிற்பவர் கண்ணில் சுவர் படுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு போடலாம், கஷ்டமில்லை. நிற்கிறவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். சுவர் விளிம்பு 30 மீட்டர் தூரத்தில். அவர் பார்வை விளிம்பை உரசிக்கொண்டு போனால், அதற்கு அப்பால் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 5 சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். பள்ளம் 1.4 மீட்டர் ஆழம், அடியில் 60 சென்டிமீட்டர் சமதளம், அதன்பின் மூன்றுக்கு ஒன்று, அதாவது மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர், என்று ஏறும் சரிவு. அப்படியானால் அந்தச் சரிவின் உச்சியில் வெறும் 22 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் கண்ணுக்குத் தெரியும். அதுவும் புல். கண் அதைப் பள்ளம் என்று எடுத்துக்கொள்ளாது. அதே ஆள் விளிம்புக்கு 10 மீட்டர் அருகே வந்தால் அரை மீட்டர் ஆழம் தெரியும். பள்ளத்தின் அடித்தளம் தெரியவேண்டுமானால் விளிம்புக்கு முக்கால் மீட்டருக்குள் வரவேண்டும். “ஆ” என்று வாய் திறக்கிற இடம் அதுதான். ஏறக்குறைய ஓர் எட்டு எடுத்து வைக்கிற தூரம். இந்த எண்ணை மறக்காதீர்கள், பாதுகாப்பைப் பேசும்போது திரும்ப வரும்.

மாடி ஜன்னலுக்கும் இதே கணக்கு. கண் 4.8 மீட்டர் உயரத்தில் இருந்தால், 30 மீட்டர் தூரத்துப் பள்ளம் கீழே 10 மீட்டரில் நிற்பவருக்குத் தெரிவதுபோலவே தெரியும். படுக்கையறையிலிருந்து ஒரு நிழல்கோடு தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். பெரிய மாளிகைகளிலும் அப்படித்தான்.

தோட்டத்தின் நீளம் 20 மீட்டருக்கும் குறைவு என்றால் என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: இதைச் செய்ய வேண்டாம். மறைப்பும் சரியாக வராது, இடமும் போய்விடும். சுவரின் பின்வெட்டையும் சேர்த்தால் ஐந்தரை மீட்டருக்கு மேல் நிலத்தை இந்த அமைப்பு விழுங்கும்.

யாரைத் தடுக்கிறோம்?

ஆழத்தைத் தீர்மானிப்பது விலங்கு. ஆட்டுக்கு 1.2 மீட்டர் போதும். மாட்டுக்கு 1.2 முதல் 1.4 வரை. பழைய ஹாஹாக்களில் அளவு மிகவும் வேறுபடும்: ஹார்ட்டன் ஹவுஸ் மாளிகையில் இரண்டடிதான், பெட்வொர்த் மாளிகையில் ஒன்பதடி. மானைத் தடுக்க இந்த நாட்டில் வேலியே 1.5 மீட்டருக்கு மேல் போடுகிறார்கள், சிவப்பு மானுக்கு 1.8. அவ்வளவு ஆழமாக வீட்டுத்தோட்டத்தில் தோண்டுவது தேவையற்ற செலவு. மான் தொல்லை உள்ள இடத்தில் பள்ளத்தின் அடியில், சுவரை ஒட்டி, கம்பி வேலி நட்டுவிடுங்கள். அதன் தலை பார்வைக்கோட்டுக்குக் கீழேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தச் சுவரால் ஆகாத காரியங்களும் உண்டு. மனிதர்களை இது தடுக்காது. உங்கள் வீட்டு நாயை உள்ளே வைத்திருக்காது. அது ஒரே குதியில் மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்கி ஆட்டைத் துரத்தும். சத்தத்தையும் காற்றையும் மறிக்காது. இவற்றில் ஒன்றுதான் உங்கள் கவலை என்றால் புதர்வேலியே மேல்.

காகித வேலை

மறுகரைச் சரிவு யாருடைய நிலத்தில் வரப்போகிறது? பெரும்பாலான தகராறு இங்கேதான் பிறக்கிறது. சுவர், பள்ளம், சரிவு மூன்றுமே உங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிலத்துக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சரிவில் புல் மேய்வது அவருடைய ஆடு. அதனால் உங்கள் நிலமாகவே இருந்தாலும் மேய்ச்சல் உரிமை பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த உரிமையாளர் வந்ததும் காற்றில் போகும்.

இவ்வளவு மண்ணை எடுப்பது இங்கிலாந்தின் திட்டமிடல் சட்டப்படி பொறியியல் பணி என்று கருதப்படலாம். அப்படியானால் உள்ளூர் கவுன்சிலின் அனுமதி தேவை. விவசாய நிலத்தின் ஒரு துண்டை வாங்கித் தோட்டத்தோடு சேர்க்கிறீர்கள் என்றால் அது பயன்பாட்டு மாற்றம், அதற்குத் தனி அனுமதி. வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் முதலில் கவுன்சிலின் பாரம்பரிய அலுவலரிடம் பேசிவிடுங்கள். குறுக்கே பொதுப் பாதை ஓடுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். தரைக்கடியில் மின்கம்பி, எரிவாயுக் குழாய், கழிவுநீர்க் குழாய் போகிறதா என்று விசாரியுங்கள். நிலத்தின் ஓரத்தில் பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் வளை இருந்தால் கைவைக்காதீர்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது, மீறினால் குற்ற வழக்கு.

மண் எங்கே போகும்?

புதிதாக இறங்குகிறவர்கள் சுவரின் செலவை மட்டும் விசாரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை மண்தான் ஆளை மலைக்க வைக்கும்.

மேலே சொன்ன 1.4 மீட்டர் பள்ளத்தை 30 மீட்டர் நீளத்துக்கு வெட்டினால், சுவருக்குப் பின்னால் வேண்டிய இடத்தையும் சேர்த்து, சுமார் 150 கன மீட்டர் மண் வெளியே வரும். வெட்டிய மண் பொதுமிக் கால்பங்கு கூடும். ஏறக்குறைய பதினைந்து பெரிய லாரி லோடு. கிராமத்துச் சந்தில் அத்தனை லாரி போய்வந்தால் அக்கம்பக்கத்தார் முகம் பார்க்க மாட்டார்கள்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, அது அழகுக்கும் உதவும். வெட்டிய மண்ணைத் தோட்டப் பக்கமே பரப்புங்கள். விளிம்பில் 30 சென்டிமீட்டர் உயர்த்தி, வீட்டை நோக்கி 20 மீட்டர் தூரத்தில் படிப்படியாகப் பூச்சியமாக்கிவிட்டால், அதற்கே 90 கன மீட்டர் பிடிக்கும். தோட்டம் 30 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதால் பள்ளத்தை 1.1 மீட்டர் வெட்டினால் போதும், சுவர் அதே 1.4 மீட்டர் கிடைத்துவிடும். அப்போது வெட்டும் மண்ணும் 104 கன மீட்டராகக் குறையும். தோண்டியது ஏறக்குறைய முழுவதும் உள்ளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விளிம்பு உயர்ந்ததால் மறைப்பும் கூடுகிறது. ஒரே கவனம்: விளிம்பில் மட்டும் மேடு கட்டிவிடக் கூடாது. வரப்பு மாதிரி ஒரு கோடு எழுந்துவிட்டால் கண் உடனே அங்கே போய் நின்றுவிடும். பிறகு அது சுவர் இல்லை என்றாலும் சுவர்தான்.

மேல்மண்ணை, அதாவது மேலே உள்ள கறுத்த மண்ணை, தனியாகக் குவித்து வையுங்கள். அடிமண்ணோடு கலந்துவிட்டால் சரிவில் புல் பிடிக்காது.

தோண்டுதல்

காலம் முக்கியம். இங்கே ஜூலையில் தோண்டி, ஆகஸ்டில் சுவர் ஏற்றி, செப்டம்பரில் புல் விதைப்பது உத்தமம். நிலம் காய்ந்திருக்கும், கரை சரியாது. செப்டம்பர் ஈரத்தில் புல் முளைத்துக் குளிருக்கு முன் வேர்விடும். குளிர்காலத்தில் களிமண்ணைத் தோண்டுவது சேற்றோடு மல்லுக்கட்டுவது.

முதலில் மறுகரைச் சரிவை வெட்டுங்கள். அப்போது இடம் திறந்திருக்கும், இயந்திரம் நிற்கத் தளம் கிடைக்கும். சரிவு மூன்றுக்கு ஒன்றாவது இருக்கட்டும். நான்குக்கு ஒன்று இன்னும் நல்லது. செங்குத்தாக வெட்டினால் மழையில் சரியும், ஆடு ஏறி இறங்கிக் கரையைக் கரைத்துவிடும், புல்லும் வெட்ட முடியாது. தவறி விழுந்த முள்ளெலி ஏறி வெளியேறுவதும் இந்தச் சரிவு வழியாகத்தான்.

ஆபத்து இருப்பது தோட்டப் பக்கத்துச் செங்குத்து வெட்டில். ஒரு கன மீட்டர் ஈர மண் ஏறக்குறைய இரண்டு டன் எடை. இடுப்புயரப் பள்ளத்தில் குனிந்து அஸ்திவாரம் போடுகிறவர்மேல் அது சரிந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் மொத்த நீளத்தையும் ஒரே நாளில் செங்குத்தாக வெட்டித் திறந்து போடாதீர்கள். மூன்று மீட்டர் வெட்டி, சுவரை ஏற்றி, பின்பக்கம் நிரப்பி, பிறகு அடுத்த துண்டு. வெட்டிய கரையைப் பின்பக்கமாகச் சாய்த்து வைக்க இடம் இருந்தால் சாய்த்துவிடுங்கள். குவித்த மண்ணையும் இயந்திரத்தையும் விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். அவசரம் பார்க்கிற ஒப்பந்தக்காரர் “ஒன்றும் ஆகாது” என்று சொல்வார். அந்தச் சொல்லை ஏற்காதீர்கள்.

தண்ணீர்

சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண்ணின் எடை அல்ல, மண்ணுக்குள் தேங்குகிற தண்ணீர். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சுவருக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோடெக்ஸ்டைல் துணி. அது இல்லாவிட்டால் வண்டல் இறங்கி நாலைந்து ஆண்டில் ஜல்லி அடைத்துப்போகும். ஜல்லியின் அடியில், அஸ்திவாரத்தின் மேல், 100 மில்லிமீட்டர் துளைக்குழாய் ஒன்று. அது நூறுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் ஒரு கோடிக்கு ஓடி, வெளியே எங்காவது நீர் விட வேண்டும். அத்தோடு சுவரிலேயே, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒன்றரை மீட்டருக்கு ஒரு கசிவுத் துளை. காரையில்லாக் கல்சுவர் என்றால் துளை வேண்டாம். சுவர் முழுவதுமே கசியும். அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

பள்ளத்தின் அடித்தளத்துக்கும் இதே வாட்டம் வேண்டும். குழாய்மட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்மட்டம் ஏமாற்றும். தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று தோண்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஓடை, ஒரு பழைய வாய்க்கால், தாழ்ந்த மூலையில் ஒரு ஊறுகுழி, ஏதாவது ஒன்று. போக்கிடம் இல்லாத களிமண் தரையில் ஹாஹா வெட்டினால் உங்களுக்குக் கிடைப்பது முப்பது மீட்டர் குளம்.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் சுவர் கட்டி ஆறாவது ஆண்டில் நடுவில் வயிறு தள்ளியது. பிரித்துப் பார்த்தபோது கசிவுத் துளைகள் எல்லாம் இருந்தன. பின்னால் ஜல்லிதான் இல்லை. மிச்சம் பிடிக்க வெட்டிய களிமண்ணையே திரும்ப நிரப்பியிருந்தார்கள். மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, ஒவ்வொரு ஆண்டும் அது சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறது. பன்னிரண்டு மீட்டரைப் பிரித்துக் கட்டினோம்.

சுவர்

எந்தக் கல், எந்தச் செங்கல் என்பதை ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் மஞ்சள் சுண்ணக்கல், யார்க்ஷயரில் மணற்கல், கல் கிடைக்காத கிழக்கு மாவட்டங்களில் செங்கல். வீட்டிலிருந்து சுவர் தெரியாதுதான். ஆனால் நிலத்தின் பக்கமிருந்து நடந்து வருகிறவர்களுக்கு முகப்பே அதுதான். கிராமத்தார் அந்தப் பாதையில் தினம் போவார்கள்.

எந்த வகையானாலும் நான்கு விதிகள் மாறாது. அஸ்திவாரம் உறைபனி எட்டாத ஆழத்தில், பள்ளத்தின் அடித்தளத்திலிருந்து 45 சென்டிமீட்டராவது கீழே. அடிப்பக்கத்தில் சுவரின் கனம் உயரத்தில் ஏறக்குறைய பாதி, 1.4 மீட்டருக்கு 70 சென்டிமீட்டர். முகப்பு நேர்க்குத்தாக நிற்காமல் மண்பக்கம் சாய வேண்டும், ஆறடிக்கு ஓரடி முதல் எட்டடிக்கு ஓரடி வரை. பின்பக்கம் நிரப்புவதை ஒரு சாண் ஒரு சாணாகக் கொட்டித் திமிசு போட வேண்டும்.

காரையில்லாக் கல்சுவர் என்றால், முகப்பிலிருந்து பின்பக்கம் வரை நீளும் பிணைப்புக் கற்களைச் சதுர மீட்டருக்கு ஒன்றாவது வையுங்கள். நடுவில் இடைவெளிகளைச் சிறு கல்லால் கையால் அடுக்க வேண்டும், கூடையில் அள்ளிக் கொட்டக் கூடாது. செங்கல் என்றால் சுண்ணாம்புக் காரை நல்லது. அது நிலத்தின் சின்ன அசைவுக்கு வளைந்து கொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். ஆனால் பனி விழத் தொடங்கிய பின் சுண்ணாம்புக் காரையைத் தொடாதீர்கள், இறுகுவதற்கு முன்பே உறைந்து உதிரும். பழைய ஹாஹாவைப் பழுதுபார்க்கிறவர்கள் சிமென்ட் பூசிவிடுவதை நிறையப் பார்க்கிறேன். ஈரம் சிமென்ட் வழியே வெளியேற முடியாமல் கல்லின் முகத்தை உரித்துக்கொண்டு வரும். தயவுசெய்து செய்ய வேண்டாம்.

கான்கிரீட் கட்டையில் கட்டி முன்னால் கல் ஒட்டுவது செலவு குறைந்த வழி. கம்பிக்கூடையில் கல் நிரப்பி அடுக்குவது இன்னும் வேகம். உயரம் ஒரு மீட்டரைத் தாண்டினால், எந்த வகையானாலும், ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.

பணமே கொஞ்சம்தான் என்றால் சுவரையே விட்டுவிடலாம். இரு பக்கமும் சரிவாக ஓர் அகலப் பள்ளம் வெட்டி, நடுவில் சாதாரணக் கம்பி வேலியை இறக்கி நட்டால், தூரத்திலிருந்து அதே பலன். நான் இதை இரண்டாந்தரம் என்று சொல்லமாட்டேன்.

விளிம்பு

மறைப்பு வெற்றியா தோல்வியா என்பது கடைசி ஒரு முழத்தில் இருக்கிறது. புல்லைச் சுவரின் உச்சிவரை கொண்டுவந்தால் மறைப்பு முழுமை. ஆனால் சுவரின் தலைமேல் மண் மெலிதாக இருந்தால் கோடையில் அந்தப் பட்டைதான் முதலில் காயும். 2022ஆம் ஆண்டு கோடையில், வெப்பம் ஒரு நாள் 40 டிகிரியையே தாண்டிய அந்த வாரங்களில், நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில் பழுப்புக் கோடு ஒன்று ரூலர் வைத்துப் போட்டதுபோல் எழுந்தது. அத்தனை பாடுபட்டு மறைத்த சுவரை வெயில் காட்டிக்கொடுத்துவிட்டது. அதனால் உச்சிக்கல்லை 15 சென்டிமீட்டராவது கீழே நிறுத்தி, மேலே நல்ல மேல்மண் போடுங்கள். அதற்கு மனமில்லை என்றால் தட்டையான மூடுகல்லைப் புல்தரை மட்டத்துக்குச் சரியாக வைத்துவிடலாம். ஒரு மெல்லிய கோடு தெரியும், ஆனால் எந்தப் பருவத்திலும் ஒரே மாதிரி தெரியும்.

இனி அந்த முக்கால் மீட்டர் கணக்கு. சுவர் நன்றாக மறைந்திருக்கிறது என்றால், அது ஓடி வருகிற குழந்தைக்கும் மறைந்திருக்கிறது, இரவில் தொலைபேசியில் பேசிக்கொண்டே நடக்கிற விருந்தினருக்கும் மறைந்திருக்கிறது. நாலரை அடி விழுந்தால் மணிக்கட்டு ஒடியும், தலையில் பட்டால் அதற்கு மேலும் ஆகும். காட்சிக்காக இதை மூடிப்பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

விளிம்புக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் முழங்காலளவு வளரவிடுங்கள், காட்டுப்பூ விதையும் தூவிவிடுங்கள். கால் தானாகத் தயங்கும். தூரத்திலிருந்து அது மேய்ச்சல் நிலத்தின் புல்லோடு சேர்ந்துகொள்வதால் காட்சிக்கும் குறையில்லை. இது சொகுசுக்காக அல்ல, கட்டாயமாகச் செய்யவேண்டியது. இருட்டில் ஆள் நடமாடுகிற தோட்டம் என்றால் தரையோடு சில மங்கல் விளக்குகள் வையுங்கள். ஏறி ஓட்டுகிற புல்வெட்டும் வண்டியை அந்தப் பட்டைக்குள் கொண்டுபோகவே கூடாது. அங்கே கை இயந்திரம் மட்டும். தவழ்கிற, ஓடிப்பழகுகிற குழந்தை வீட்டில் இருக்கும் வரை தற்காலிகக் கம்பி வலை ஒன்று போட்டுவைப்பதில் தவறே இல்லை. காட்சி நாலு வருடம் காத்திருக்கும்.

இரண்டு கோடிகள்

ஹாஹா எங்காவது முடிய வேண்டும். முடிகிற இடத்தில் ஆடு சுற்றி வந்துவிடும். ஒவ்வொரு கோடியையும் ஒரு புதர்வேலிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ கொண்டுபோய்ச் சொருகிவிடுங்கள். ஹாதார்ன், ஹாலி என்ற முட்செடிகள் இரண்டும் இங்கே நன்றாக அடர்ந்து வளரும். சுவரின் உயரத்தைக் கோடியில் குறைத்துக்கொண்டே போய் மண்ணில் மறைக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஆட்டுக்கு அது படிக்கட்டு.

நிலத்துக்குள் போய்வர வழி வேண்டுமென்றால் அதையும் கோடியில் வையுங்கள். நடுவில் பாலம் போட்டால் அதற்கு ஒரு கதவு வேண்டும், கதவுக்கு இரண்டு தூண் வேண்டும். தூண் எழுந்தால் காட்சி போயிற்று.

பிறகு

இலையுதிர்ந்து முடிந்ததும் பள்ளத்தைக் கூட்டி அள்ளுங்கள். கசிவுத் துளைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்தி, வேர் அடைத்திருந்தால் எடுங்கள். கல்லிடுக்கில் ஆஷ், சைகமோர் மரக்கன்று முளைத்திருந்தால் விரல் கனத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். கட்டைவிரல் கனம் வந்துவிட்டால் பிடுங்கும்போது கல்லும் சேர்ந்து வரும். முயல் வளை தோண்டியிருக்கிறதா என்று சுவரின் தலைப்பக்கம் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, அதே தேதியில் அதே இடத்தில் நின்று, சுவரின் நீளத்தைப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். வயிறு தள்ளுவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் படங்களை ஒப்பிட்டால் தெரியும்.

மறுகரைச் சரிவில் ஆடு மேய்ந்தால் புல் வெட்டும் வேலை உங்களுக்கு இல்லை. முதல் ஆண்டு மட்டும், வேர் பிடிக்கும்வரை, ஆட்டை அந்தப் பக்கம் விடாமல் மின்வேலிக் கயிறு கட்டி வையுங்கள். அடுத்த மே மாதம் கயிற்றை அவிழ்த்துவிட்டு, முதலில் போட்ட அந்த நாற்காலியை அதே இடத்தில் போட்டு உட்காருங்கள்.